தேர்வுத்தாளா, தொடர் மதிப்பீடா: எல்லையோரத்து மலையாள வகுப்பு

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள், மலையாளமும் கற்கிறார்கள். அவர்களை எழுத்துத் தேர்வால் அளப்பதா, ஆண்டு முழுதும் நடக்கும் தொடர் மதிப்பீட்டால் அளப்பதா?

எழுத்துத் தேர்வில் ஒளிவுமறைவு இல்லை. விடைத்தாளைப் பெற்றோரும் புரட்டிப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பில் 2024-25 முதல் எழுத்துத் தேர்வில் 30 விழுக்காடு குறைந்தபட்சமாக வைக்கப்பட்டிருப்பதால், அதை ஒதுக்கவும் முடியாது. ஆனால் அது பிழையை எண்ணுமே தவிர, பிழையின் வேரைக் காட்டாது. தமிழில் ஒரே 'க' எழுதிப் பழகிய கை, மலையாளத்தில் அதே இடத்தில் நான்கு எழுத்துகளைக் கண்டு தடுமாறுவது கைப்பழக்கத்தின் குறை. 'நான் வந்தேன்' என்று பேசி வளர்ந்த பிள்ளை 'ஞான் வந்நேன்' என்று எழுதுவதோ வேறு; யார் வந்தாலும் மலையாளத்தில் 'வந்நு' தான் என்பதை அது இன்னும் பிடித்துக்கொள்ளவில்லை. தேர்வுத்தாளில் இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சுழி.

வாசிப்பையும் பேச்சையும் குறிப்பேட்டையும் வாராவாரம் பார்க்கும் தொடர் மதிப்பீட்டில், இந்த வேறுபாடு ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பாது. அதனால் என் சாய்வு அதன் பக்கமே. பத்தாம் வகுப்பிலோ அதற்கு 20 விழுக்காடே இடம். அதையும் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டால் (கொடுப்பவர்கள் உண்டு) அந்த மதிப்பெண்ணைக் கொண்டு எதையும் அறிய முடியாது. வாரம் ஒருமுறை பத்துச் சொல் எழுதவைத்து, அந்தத் தாளையே குறிப்பேட்டில் ஒட்டச் சொல்லும் ஆசிரியரிடம் அந்தச் சிக்கல் எழுவதில்லை.