ஏழு வருட டேட்டிங் ஆப்பும் ஒரு ஹாட்ஸ்பாட்டும்

ஏழு வருடமாக ஒரே டேட்டிங் ஆப்பை வைத்திருக்கிறேன். இதைவிட அந்த ஆப்புக்கு என்ன விமர்சனம் எழுதுவது! ஜோடி கிடைக்காத கதையை விடுங்கள், சொல்ல வந்தது வைஃபை விஷயம்.

2017ல் மொரீஷியஸுக்கு, எபேனில் ஒரு கால் சென்டர் வேலைக்கு வந்தேன். ரோஸ் ஹில்லில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு. ஆப் நன்றாகவே ஓடியது. படங்கள் சட்டென்று வரும், பேட்டரியையும் தின்னாது.

மறுவருடம் காவடி விடுமுறையன்று ரௌட்டர் மக்கர் பண்ணியது. கூட இருந்த மதுரைத் தம்பி நெட்வொர்க் வேலை பார்ப்பவன். அவன் லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொண்டு, சோபாவில் படுத்தபடி ஆப்பைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மூணாவதா வந்த பச்சைப் புடவை யாருன்னு தெரியுமா?"

தூக்கிவாரிப் போட்டது. நெட்வொர்க்கில் போய்வரும் தகவலைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்திருந்தான். நான் பார்த்த படங்கள் அத்தனையும், பார்த்த வரிசையிலேயே அவன் திரையில். பச்சைப் புடவைக்காரர் எங்கள் ஆபீஸிலேயே பக்கத்து டீம். என் மானம் போனால் போகட்டும், அவர் என்ன பாவம் செய்தார்? அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைந்தது நான்தானே. பன்னிரண்டு லட்சம் பேர் உள்ள தீவில் பயப்பட வேண்டியது எங்கோ இருக்கும் ஹேக்கருக்கு அல்ல, வைஃபை கொடுப்பவருக்குத்தான். தம்பி நல்லவன், லேப்டாப்பை மூடிவிட்டான். ஆனால் அடுத்த வாரம் கேன்டீனில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தபோது நாங்கள் இருவரும் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

விஷயம் இதுதான். லாகினும் சாட்டும் எச்டிடிபிஎஸ் வழியாகப் பூட்டித்தான் போயின. படங்கள் மட்டும் சாதா எச்டிடிபியில், தபால் அட்டை மாதிரி. பிரௌசரில் என்றால் முகவரியைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம், ஆப்பில் எதைப் பார்ப்பது?

அதே ஜனவரியில்தான் டிண்டர் என்ற டேட்டிங் ஆப்பிலும் இதே ஓட்டை இருப்பதை செக்மார்க்ஸ் என்ற மென்பொருள் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அதில் இன்னொரு கூத்து: பூட்டிப் போன தகவலும் அளவால் காட்டிக்கொடுத்தது. வேண்டாம் என்று இடப்பக்கம் தள்ளினால் 278 பைட், பிடித்திருக்கிறது என்று வலப்பக்கம் தள்ளினால் 374, ஜோடி சேர்ந்தால் 581. மொய்க் கவரைத் தடவிப் பார்த்தே தொகை சொல்லும் சித்தப்பா கதைதான். டிண்டர் அந்த வருடமே இரண்டையும் சரிசெய்தது.

நான் வைத்திருந்தது வேறு ஆப், பெயர் வேண்டாம். புகார் எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார்கள். பல மாதம் கழித்து ஒரு அப்டேட்டில் சத்தமில்லாமல் சரியானது. தம்பியை வைத்தே மறுபடி சோதித்தேன், படம் எதுவும் சிக்கவில்லை. ஆண்ட்ராய்டு 9க்கென்று எழுதும் ஆப்களில் சாதா எச்டிடிபி தானாகவே தடுக்கப்படும். ஆனால் எழுதுபவர் ஒரு வரி சேர்த்தால் அந்தத் தடை போய்விடும், அதனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நம் தகவலைப் பூட்டித் தன் சர்வர் வழியாக அனுப்பும் இலவச விபிஎன் ஒன்றும் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தேன். பக்கத்து அறைக்குத் தெரியாதது விபிஎன்காரனுக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். எடுத்துவிட்டேன். எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறேன் என்று காட்டுவதையும் நிறுத்திவிட்டேன். ஊரான் வைஃபையில் இந்த ஆப்பைத் திறப்பதே இல்லை.

போன மாதம் தம்பியும் ஒரு டேட்டிங் ஆப் போட்டிருக்கிறான். "நெட் ஸ்லோவா இருக்குண்ணே" என்று முனகினான். என் ஹாட்ஸ்பாட்டைப் போடவா என்றேன்.

"வேண்டாம்ணே, டேட்டா இருக்கு."