மூக்கோரப் புற்றுக்கு மோஸா, சாதா அறுவையா?

தோலில் வரும் பேசல் செல் புற்று மெதுவாகத்தான் வளரும். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் கவனிக்காமல் விட்டால் இருக்கும் இடத்தையே அரித்துவிடும்.

சாதா அறுவையில் சிறிய கட்டி என்றால் சுற்றிலும் 4 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். லேப் முடிவு வரச் சில நாள் ஆகும். அங்கே ரொட்டி நறுக்குவதுபோல் நறுக்கி, சில துண்டுகளைத்தான் பார்ப்பார்கள். இடையில் ஒளிந்திருக்கும் செல் தப்பிவிடலாம்.

மோஸ் முறை, 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரடெரிக் மோஸ் உருவாக்கியது. இப்போது மெல்லிய அடுக்காக எடுத்து, உறைய வைத்து, அடியையும் விளிம்பையும் முழுதாக மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். மிச்சம் இருந்தால் அந்த மூலையில் மட்டும் இன்னோர் அடுக்கு. அதுவரை மரத்துப்போன மூக்கோடு நீங்கள் காத்திருக்க வேண்டும்! அரை நாள் போய்விடும், செலவும் கூடுதல்.

சரி, பலன்? நெதர்லாந்தில் முகப் புற்றுகளை வைத்து நடந்த ஆய்வில், முதல்முறை வந்த கட்டிகளில் 10 ஆண்டுக்குள் திரும்பியவை மோஸில் 4.4%, சாதா அறுவையில் 12.2%.

முதுகில் சின்னக் கட்டி என்றால் சாதா அறுவையே போதும் என்பேன். மூக்கு, இமை, காது, அல்லது எடுத்தும் திரும்பி வந்தது என்றால் மோஸ்தான்.