கிண்டியில் சதுர அடி 65 ரூபாய் என்று நம்பி ஆபீஸ் எடுத்தேன்

சென்னையில் முதல் தடவையாக ஆபீஸ் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் சில லட்சங்கள் மிஞ்சியிருக்கும்.

புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்யும் சின்ன நிறுவனம் என்னுடையது, ஏழு பேர். கிண்டியில் ஒரு கட்டடத்தில் 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 65 ரூபாய், மாதம் 78,000 என்று புரோக்கர் சொன்னார். "மெட்ரோ பக்கத்துல இந்த ரேட்டுக்குக் கிடைக்காது சார்" என்றார். எங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று நினைத்து ஆறு மாத அட்வான்ஸ், 4,68,000 ரூபாய் கொடுத்துவிட்டேன்.

மேசைகளைப் போட்ட அன்றே இடம் பற்றவில்லை. ஏழு பேர் உட்கார்ந்ததும் நடக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைக் கூட்டிப்போய் டேப் வைத்து அளந்தேன். சுவருக்குச் சுவர் 780 சதுர அடிதான். மீதி 420 எங்கே என்று கட்டட மேனேஜரிடம் கேட்டதற்கு, லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா, கீழே வரவேற்பு ஹால், ஜெனரேட்டர் அறை எல்லாவற்றிலும் எங்கள் பங்கு அது என்றார். ஒப்பந்தத்தில் 'சூப்பர் பில்டப் ஏரியா' (இப்படிப் பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பு) என்று தெளிவாகவே எழுதியிருந்தது, நான்தான் அர்த்தம் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபிறகு புது வீடு விற்கும் பில்டர் கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் நாம் பயன்படுத்தும் பரப்பை, சொல்லியாக வேண்டும். ஆபீஸ் வாடகைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நாமே கேட்டால்தான் உண்டு.

அடுத்தது மெயின்டனன்ஸ். புரோக்கர் "அது சும்மா கொஞ்சம் வரும் சார்" என்றார். வந்தது சதுர அடிக்கு 12 ரூபாய், அதுவும் 1,200-க்குக் கணக்குப் போட்டு 14,400. வாடகையும் இதுவும் சேர்ந்து 92,400. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 16,632. ஆக மாதம் 1,09,032 ரூபாய். எங்களிடம் ஜிஎஸ்டி பதிவு இருப்பதால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம், அதாவது நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் பதிப்பாளர்கள் மூன்று மாதம் கழித்துப் பணம் தரும் தொழிலில், ஒவ்வொரு மாதமும் அதை முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். பதிவு இல்லாதவர்களுக்கு அது திரும்பி வராத செலவு. 1,09,032-ஐ நாங்கள் உண்மையில் உட்கார்ந்த 780-ஆல் வகுத்துப் பாருங்கள். சதுர அடி கிட்டத்தட்ட 140 ரூபாய்!

இதில் கரண்ட் சேரவில்லை. சப் மீட்டரில் (கட்டடக்காரர்கள் வைத்த உள் மீட்டர்) யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் ஓடினால் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் கிடையாது. பில்லில் அவர்கள் போட்டதுதான் கணக்கு. ஏ.சி. கட்டடம் முழுவதற்கும் ஒன்று, இரவு ஏழு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் மணிக்கு 600. ஜனவரி புத்தகக் காட்சிக்கு முன் டிசம்பர் முழுக்க நாங்கள் ராத்திரி வேலை பார்ப்போம். அந்த ஒரு மாதம் ஏ.சி.க்கு மட்டும் கூடுதலாக 27,600 கட்டினேன். கார் வைத்திருப்பவர்கள் பார்க்கிங் இடத்தையும் கட்டாயம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இரண்டு முறை 11 மாத ஒப்பந்தம் போட்டு, 22-ஆவது மாதம் காலி செய்தேன். பெயின்ட், ஏ.சி. பழுது, சீலிங்கைப் பழையபடி ஆக்குவது என்று 1,78,000 பிடித்துக்கொண்டு 2,90,000 மட்டும் கொடுத்தார்கள், அதுவும் ஐந்து மாதம் கழித்து. பில் கேட்டேன், தரவில்லை. சீலிங்கை நாங்கள் தொட்டதே இல்லை. உள்ளே போன அன்று போட்டோ எடுத்து வைக்காததால் என்னால் காட்ட முடியவில்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதித்திருந்தால் அந்த மூன்று மாத வரம்பு பொருந்தாது. நான் சம்மதித்திருந்தேன். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவில்லை. "அதெல்லாம் யார் சார் பண்றா" என்று ஓனர் தரப்பில் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டேன். பதிவு எண் இல்லாமல் அந்தச் சட்டத்தின் கீழ் நியாயம் கேட்டுப் போவது கஷ்டம் என்று பிறகு வக்கீல் சொன்னார்.

இப்போது வடபழனியில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. கையெழுத்துக்கு முன் வீட்டுக்கார ஐயாவை வைத்துக்கொண்டே அளந்தேன், அவரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். 700 சதுர அடி, மெயின்டனன்ஸ் உட்பட 42,000, கரண்ட் தனி மீட்டர். ஒப்பந்தத்தைப் பதிவு செய்து எண்ணும் வாங்கியாயிற்று. கிண்டிக்காரருக்கு 1,78,000-க்குக் கணக்கு கேட்டு இரண்டு பதிவுத் தபால் அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.