நான்கு ஃபங்ஷன்தானே என்று ஆரம்பித்த டெராஃபார்ம் ப்ரொவைடர்

நாங்கள் பயன்படுத்துவது சின்ன கிளவுட் ஒன்று. டெராஃபார்ம் என்பது சர்வர் போன்றவற்றைக் கோடாக எழுதிவைத்து உருவாக்கும் கருவி, அது ஒரு கிளவுடோடு பேச உதவும் துணை நிரல்தான் ப்ரொவைடர். எங்கள் கிளவுடுக்கும் அப்படி ஒன்று இருந்தது, ஆனால் அரைகுறை. சர்வர் உண்டு, டிஸ்க் உண்டு. ஃபயர்வாலும் லோடு பேலன்சரும் கிடையாது, அதையெல்லாம் வலைப்பக்கத்தில் போய்க் கையால்தான் உருவாக்க வேண்டும். நிரலிலிருந்து கிளவுடைக் கேட்க ஏபிஐ இருக்கிறதே, உருவாக்கு, படி, மாற்று, அழி என்று நான்கு ஃபங்ஷன் எழுதினால் வேலை முடிந்தது, இரண்டு வாரம் கொடுங்கள் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மூன்று வருடம் ஆகிறது.

எழுதுவது கஷ்டமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017இல் வந்த 0.10 பதிப்பிலிருந்து ப்ரொவைடர்கள் டெராஃபார்மிலிருந்து பிரிந்து தனித்தனியாகத்தான் வெளியாகின்றன. கோ மொழியில் எழுதிவைத்தால் அது தனி ப்ராசஸாக ஓடி, ஜிஆர்பிசி என்ற நெறிமுறை வழியாக டெராஃபார்மோடு பேசிக்கொள்ளும், அந்தப் பேச்சையும் எஸ்டிகே என்ற தயார் கருவித்தொகுப்பு பார்த்துக்கொள்ளும். உருவாக்குவதும் அழிப்பதும் எனக்கு ஒரே நாளில் ஓடிவிட்டன. மிச்ச காலத்தைப் பெரும்பாலும் தின்றது, கிளவுடில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டுவரும் 'படி' என்ற அந்த ஒரு ஃபங்ஷன்.

ஒரு நாள் காலையில் பிளான், அதாவது என்னென்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் கட்டளையை ஓட்டினால், 14 சர்வர்களைப் புதிதாக உருவாக்கப் போகிறேன் என்கிறது. அந்த 14உம் அந்த நேரத்தில் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. தோண்டிப் பார்த்தால் தப்பு என்னுடையது: ஏபிஐ எந்தப் பிழையைத் தந்தாலும் 'பொருள் இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஸ்டேட்டிலிருந்து, அதாவது தன் கையில் என்னென்ன இருக்கிறது என்று டெராஃபார்ம் வைத்திருக்கும் பதிவிலிருந்து, நீக்கும்படி எழுதிவைத்திருந்தேன். 404, அதாவது அப்படி ஒன்று இல்லை என்ற பதில் வந்தால் அது சரி. அன்றைக்கு வந்தது 429, அதாவது ரொம்ப வேகமாகக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு என்ற பதில். டெராஃபார்ம் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே நேரத்தில் 10 வேலை வரை ஓட்டும். சர்வர்கள் கூடக்கூட அந்த ஏபிஐயின் வரம்பை நாங்கள் இடித்துவிட்டோம். ஓட்டியது பிளான் மட்டும் என்பதால் ஸ்டேட் கோப்பு தப்பியது. பிளானை நிஜமாகவே செய்துமுடிக்கும் அப்ளை ஆகியிருந்தால் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு இரட்டை பிறந்திருக்கும், பழையவை ஸ்டேட்டில் இல்லாத அனாதைகளாக நின்று பில்லை ஏற்றிக்கொண்டிருக்கும். இப்போது 404க்கு மட்டும் நீக்கம், 429க்குக் காத்திருந்து மறுபடி கேட்பது, மற்ற எல்லாவற்றுக்கும் சத்தம் போட்டு நிற்பது.

ஃபயர்வால் வேறு மாதிரி படுத்தியது. 22, 80, 443 என்ற போர்ட்களுக்கு விதிகளை அனுப்பினால், அடுத்த முறை படிக்கும்போது 443, 22, 80 என்று வரும். நான் அதை வரிசை மாறினாலே மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும் லிஸ்ட்டாக வைத்திருந்ததால் யாரும் எதையும் தொடாமலே தினமும் பிளானில் மாற்றம் காட்டியது, ஒரு மாதத்தில் மாற்றத்தைப் பார்த்தால் கண்டுகொள்ளாமல் போகும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது, அதுதான் ஆபத்து. செட்டாக மாற்றினேன், சத்தம் அடங்கியது. ஆனால் முதல் விதியை [0] என்று எண் போட்டு எடுத்திருந்த கோடெல்லாம் உடைந்தது, ஏனென்றால் செட்டில் வரிசையே கிடையாது. முதல் நாளே யோசித்திருக்க வேண்டியது.

அப்புறம் பிளக்இன் ஃப்ரேம்வொர்க், ப்ரொவைடர் எழுத எஸ்டிகேக்கு அடுத்து வந்த புதிய கருவித்தொகுப்பு. 2022 டிசம்பரில் அதன் 1.0 வந்தது. பழைய எஸ்டிகே 2இல் எழுதியதை அதற்கு மாற்ற எனக்கு மனசே இல்லை, ஆனால் பழையதில் 'மதிப்பே தரவில்லை' என்பதையும் 'பூஜ்யம் தந்தேன்' என்பதையும் பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. பேக்கப் எத்தனை நாள் என்ற இடத்தில் 0 போட்டால் பேக்கப் வேண்டாம் என்று பொருள், எதுவும் போடாவிட்டால் ஏபிஐ தானாக 7 வைக்கும். இதற்காகவே மாறினேன். மக்ஸ் என்ற நூலகம் இருப்பதால் இரண்டையும் ஒரே ப்ரொவைடரில் வைத்துக்கொண்டு சர்வர், டிஸ்க் என்று ரிசோர்ஸ் ரிசோர்ஸாக நகர்த்தலாம், அது பெரிய நிம்மதி.

மாறியதும் அதுவரை மறைந்திருந்த குற்றங்கள் வெளியே வந்தன. எங்கள் கிளவுட், சர்வர் பெயரில் பெரிய எழுத்தை அனுப்பினால் சின்ன எழுத்தாக்கித் திருப்பித் தரும். பழைய எஸ்டிகே அதைப் பொறுத்துக்கொண்டது. அடுத்த பிளானில் மாற்றம் காட்டும், நாங்கள் அந்தப் புலத்தைக் கண்டுகொள்ளாதே என்று எழுதி வாயை அடைத்திருந்தோம். ஃப்ரேம்வொர்க் விடாது. பிளானில் ஒன்று சொன்னாய், அப்ளையில் வேறொன்று தருகிறாய், இது ப்ரொவைடரின் பிழை என்று அப்ளையிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். எரிச்சலாக இருந்தாலும் அது சொல்வது சரி, பிளானை நம்பித்தானே ஒருவர் சம்மதம் என்று டைப் செய்கிறார். இப்போது பெரிய எழுத்து இருந்தால் பிளானுக்கு முன்பே தடுத்துவிடுகிறேன்.

டெஸ்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அக்செப்டன்ஸ் டெஸ்ட் நிஜமாகவே சர்வர்களை உருவாக்கும். பாதியில் செத்தால் அவை அப்படியே கிடக்கும், பெயருக்கு முன் ஒரு அடையாளம் வைத்து இரவில் கூட்டிப் பெருக்கும் ஸ்வீப்பரை எழுதாமல் டெஸ்ட்டை ஆரம்பிக்காதீர்கள். நம் கணினியிலேயே உருவாக்கிய ப்ரொவைடர் பைனரியைச் சோதிக்க டெவ் ஓவர்ரைட்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதோடு ப்ரொவைடர்களைத் தரவிறக்கும் இனிட் கட்டளையை ஓட்டக் கூடாது, நேராக பிளான் போக வேண்டும். தெரியாமல் ஓட்டி, ப்ரொவைடர்கள் வெளியாகும் ரெஜிஸ்ட்ரியில் இல்லாத பதிப்பைத் தேடி அரை நாள் போனது.

2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் திறந்த மூல உரிமம் மாறியபோது எங்கள் உழைப்பு என்னாகும் என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எஸ்டிகேயும் ஃப்ரேம்வொர்க்கும் பழைய உரிமத்திலேயே இருக்கின்றன, டெராஃபார்மிலிருந்து பிரிந்து வந்த ஓப்பன்டோஃபுவும் அதே நெறிமுறையைப் பேசுவதால் அதே பைனரி அங்கேயும் ஓடுகிறது. அதன் ரெஜிஸ்ட்ரியில் மட்டும் தனியாகப் பதிய வேண்டியிருந்தது.

இரண்டே ரிசோர்ஸ் வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை தொடுவோம் என்றால் இதில் இறங்க வேண்டாம், ஒரு ஸ்கிரிப்ட் போதும். வாரம் ஒரு முறை கை வைக்கிற இடம் என்றால் இறங்கலாம், ஆனால் முதலில் 'படி'யை எழுதுங்கள், கூடவே, ஏற்கெனவே இருப்பதை ஸ்டேட்டுக்குள் கொண்டுவரும் இம்போர்ட்டையும். நான் இம்போர்ட்டைக் கடைசிக்கு வைத்தேன். கையால் உருவாக்கிய லோடு பேலன்சர்களில் ஆறு இன்னும் ஸ்டேட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன.