காற்று மெத்தை: மூளைக் கட்டி நோயாளி இருக்கிற வன்னி வீட்டுக்கு எது சரிவரும்?

தெல்லிப்பளை, மகரகம புற்றுநோய் ஆசுப்பத்திரிகளில் சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்த மூளைக் கட்டி நோயாளிக்கு ஒரு பக்கம் இயங்கவில்லை, தானாகப் புரளவும் ஏலாது என்றால், படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வாங்குங்கள். ஆளைப் பிடித்தாவது எழுப்பி இருத்தலாம், நாலடி நடத்தலாம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். மெத்தையின் விளிம்பு மெத்தென்று அமுங்கும். கட்டில் ஓரத்தில் இருந்து காலை ஊன்றப் பார்க்கிறவர் அதோடு சேர்ந்து வழுக்குவார். சிறுமூளையில் கட்டி உள்ளவருக்கு ஏற்கெனவே சமநிலை இல்லை. மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் குளிசையை நாள்பட எடுத்தவருக்குத் தொடைத் தசை சோர்ந்து போயிருக்கும். கை நன்றாக இருந்தாலும் தாழ்வான இடத்திலிருந்து எழும்ப முடியாது. இவர்களுக்கு உறுதியான நாலு அங்குல ஸ்பொஞ் மெத்தையும், முழங்கால் மட்டத்துக்கு உயரமான கட்டிலும், கொமோட் கதிரையும்தான் காசுக்குப் பிரயோசனம்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது. மலிவானது குமிழ் வகை: ஒரே பிளாஸ்ரிக் விரிப்பில் வரிசை வரிசையாகக் குமிழ்கள், இரண்டு குழாய், காற்று ஊதும் ஒரு சின்னப் பம் (பம்ப்). மற்றது குழல் வகை: தனித்தனி நீளக் குழல்கள் குறுக்கே கோர்த்திருக்கும். இரண்டிலும் வேலை ஒன்றுதான். பத்து நிமிடம் வரையில் ஒரு பாதி ஊதும், மறுபாதி தணியும், பிறகு மாறும். அதனால் உடம்பின் ஒரே இடம் தொடர்ந்து நசுங்காது. குமிழ் வகையில் ஓட்டை விழுந்தால் ஒட்டலாம், ஆனால் பொருத்து விட்டுப்போனால் முழுவதையும் எறிய வேண்டியதுதான். குழல் வகையில் பழுதான குழலை மட்டும் மாற்றலாம், கனமான ஆளையும் தாங்கும். எங்கள் தெரிவு குழல் வகை. விலை எட்டாவிட்டால் குமிழ் வகையும் மோசமில்லை, கீழே சொல்கிறபடி பாவித்தால்.

வெறும் பலகையிலும் நைலோன் கட்டிலிலும் நேரே விரிக்காதீர்கள். நைலோன் கட்டில் நடுவில் தொய்யும். இடுப்பு இறங்கிய இடத்தில் குமிழ் எவ்வளவு ஊதினாலும் நசுங்கியே கிடக்கும். முதலில் ஸ்பொஞ் மெத்தை, அதன் மேல் காற்று மெத்தை, குழாய் பூட்டும் வாய் கால்மாட்டில். இரு முனையிலும் உள்ள மடிப்பை ஸ்பொஞ்சுக்கு அடியில் இறுக்கிச் சொருகுங்கள், இல்லாவிட்டால் மெத்தை நகர்ந்து சுருளும். பம்மைக் கால்மாட்டுச் சட்டத்தில் கொழுவுங்கள். நிலத்தில் வைத்தால் செம்மண் தூசி உள்ளே போகும், எலி குழாயைக் கடிக்கும். ஆளைப் படுக்க வைக்க முன் பம்மில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகியை உச்சத்தில் விட்டு, முழுக்க ஊதும்வரை அரை மணித்தியாலமாவது ஓட விடுங்கள். அதன் பிறகே நிறைக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும்.

அளவு சரியா என்பதைத் திருகியில் உள்ள எண்ணைப் பார்த்து நம்ப வேண்டாம். ஆள் மல்லாந்து படுத்திருக்க, உள்ளங்கையை மேலே பார்த்தபடி விரித்து, காற்று மெத்தைக்கும் ஸ்பொஞ்சுக்கும் இடையே இடுப்புக்கு நேராக விடுங்கள். தணிந்திருக்கிற வரிசையிலும் கைக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு அங்குலம் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் முட்டினால் கூட்டுங்கள். மெத்தை கல்லாக இறுகி, ஆள் மேலே உருளுகிறார் என்றால் குறையுங்கள். இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு விடக்கூடாது. டெக்சாமெதசோன் தொடங்கியதும் பசி கூடி நிறை ஏறும். பின்னாளில் விழுங்க முடியாமல் போகும்போது ஆள் வற்றிவிடுவார். கிழமைக்கு ஒரு தரம் கையை விட்டுப் பாருங்கள்.

கரண்ட் போனால் என்ன என்பதுதான் வன்னியில் முதல் கேள்வி. பம் இழுப்பது ஒரு சின்ன பல்ப் அளவு மின்சாரம்தான். சிறிய இன்வேர்ட்டரும் வாகன பற்றரியும் இருந்தால் இரவைக் கடத்தலாம். அது இல்லையென்றால், கரண்ட் போன உடனேயே குழாய்களைப் பம்மிலிருந்து கழற்றி, வாயை மடித்து இறப்பர் பாண்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். காற்று கொஞ்ச நேரம் நிற்கும், ஆனால் மாறி மாறி ஊதாது. ஆகவே ஆளைத் திருப்புவதை நிறுத்த முடியாது. அடியில் ஸ்பொஞ் போடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இனி, பெட்டியோடு வரும் தாளில் இல்லாத சிக்கல். மூளையில் வீக்கம் உள்ளவருக்குத் தலைமாட்டை 30 பாகை உயர்த்தி, கழுத்து மடங்காமல் நேராக வைக்கச் சொல்வார்கள். தலையிலிருந்து இரத்தம் தடையின்றி வடிய அது தேவை. ஆனால் தலைமாடு உயர்ந்ததும் உடம்பு கால்மாட்டுக்குச் சறுக்கும். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க எலும்பு கீழே இறங்கும். வால் எலும்பு மேல் புண் வர இதுவே போதும். ஸ்டெரொயிட்டால் மெலிந்த தோல் என்றால் இன்னும் கெதியாகக் கிழியும். முதலில் முழங்காலுக்குக் கீழ் தலையணை கொடுத்து, அதன் பிறகு தலைமாட்டை உயர்த்துங்கள். ஆள் இறங்கிவிட்டால் கக்கத்தில் பிடித்து இழுக்காமல், இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்ட கட்டில் சீற்றை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி மேலே நகர்த்துங்கள்.

மெத்தைக்கு மேலே ஒரேயொரு பருத்திச் சீற் போதும், இறுக்கி இழுக்காமல். சலம் படுமே என்று றெக்சின், தறப்பாள், மடித்த சாரம், அதற்கு மேல் பம்பர்ஸ் என்று அடுக்கினால் காற்று மெத்தைக்குக் கொடுத்த காசு வீண். வைகாசி வெயிலில் பிளாஸ்ரிக்கின் மேல் வியர்வை தேங்கித் தோல் ஊறும். உறிஞ்சும் பாட் ஒன்றை இடுப்பளவுக்கு மட்டும் போட்டு, நனைந்தவுடன் மாற்றுங்கள்.

மெத்தை இருக்கிறதே என்று ஆளை அப்படியே விடுவதுதான் புண் வருகிற முக்கிய வழி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வலம், மல்லாக்க, இடம் என்று மாற்றுங்கள். முழுக்கச் சரிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சரித்தால் போதும். வலது மூளையின் பின்மேல் பகுதியில் கட்டி உள்ள சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இராது. இடது கை உடம்புக்கு அடியில் மாட்டுப்பட்டாலும் சொல்ல மாட்டார். திருப்பும்போது அந்தக் கையை வெளியே எடுத்து வையுங்கள். குதிக்காலுக்குக் கீழே கையுறையில் தண்ணீர் நிரப்பி வைப்பதும், இடுப்புக்குக் காற்று வளையம் வைப்பதும் இன்னும் நடக்கிறது. இரண்டும் வேண்டாம், வளையம் நடுவிலுள்ள தோலுக்கு இரத்தம் போவதைக் குறைக்கும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதி அந்தரத்தில் நிற்க விடுங்கள்.

எங்கள் நிறத் தோலில் சிவப்பு தெரியாது. வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதி, காது மடல் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலை விடச் சூடாகவோ, கல்லாகவோ, கருத்தோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள், மறுநாளே தாதிக்குக் காட்டுங்கள். உரஞ்சித் தேய்க்கக் கூடாது.

வலிப்பு வந்தால், மெத்தென்ற பரப்பில் முகம் புதையாதபடி ஆளைப் பக்கவாட்டில் சரியுங்கள். வாயில் கரண்டியும் கையில் இரும்பும் வேண்டாம். நேரத்தைப் பாருங்கள்: ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முன் மறுபடி வந்தால், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். மூச்சு நின்று நெஞ்சை அழுத்த வேண்டி வந்தால், குழாயைப் பிடுங்கிக் காற்றை இறங்க விடுங்கள், ஆனால் அது இறங்கும்வரை காத்திராமல் உடனேயே அழுத்தத் தொடங்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் இதைக் காட்டி வையுங்கள்.

காலில் இரத்தம் உறைவதை இந்த மெத்தை தடுக்காது, தடுக்கும் என்று விற்கிறவர் சொன்னாலும். மூளைக் கட்டி உள்ளவருக்கு அந்த ஆபத்து அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நொந்தால் நல்லெண்ணெய் போட்டு உருவ வேண்டாம், அன்றைக்கே ஆசுப்பத்திரி. திடீர் மூச்சிரைப்பும் அப்படியே. வழமையை விடக் கூடிய தூக்கம், காலையில் தலையிடியோடு சத்தி என்றால் “மெத்தை சுகமாயிருக்கு, நல்லா நித்திரை கொள்ளுறார்” என்று விட்டுவிடாதீர்கள். தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். டெக்சாமெதசோனைத் திடீரென நிறுத்திய வீடுகளில் இதைக் கூடுதலாகக் காணலாம். அந்தக் குளிசையைக் கிளினிக்கில் சொல்கிற அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்தப் பொருள் பலருக்கு மாதக்கணக்கில்தான் தேவைப்படும் என்பதால் பழையது வாங்குவதில் பிழையில்லை. பம்மை ஓட விட்டு, இரண்டு வாயிலும் விரலை வைத்துக் காற்று மாறி மாறி வருகிறதா என்று இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஒரு வாயில் மட்டும் வந்தால் பம்முக்குள் காற்றை மாற்றி விடும் பாகம் பழுது, வாங்காதீர்கள். மெத்தையை ஊதவைத்துச் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஐதாக்கிய குளோரின் கரைசலால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பிளாஸ்ரிக் வெடிக்கும்.