போஸ்ட்கிரெஸோடு ஆறு வருஷம்: அந்த 97

"டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ் போடலாமா? நீங்கதான் ஆறு வருஷமா ஓட்டுறீங்களே" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்புதான் ராத்திரி பதினொன்றரை மணிக்கு அதோடு மல்லுக்கட்டியிருந்தேன்.

அதன் ஜேசன்பி, இண்டெக்ஸ் வகைகள் என எல்லாரும் புகழ்வது தெரிந்த கதை. என் புகார், ஆப் டேட்டாபேஸோடு பேசத் திறக்கும் கனெக்‌ஷன் பற்றியது. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் போஸ்ட்கிரெஸ் சர்வரில் ஒரு தனி ப்ராசஸ் (ஓடும் நிரல்) திறக்கும். நிறுவியதும் இருக்கும் உச்சவரம்பு 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக்கு), மிச்சம் 97. எங்கள் ஆப் நான்கு இன்ஸ்டன்ஸில் (பிரதிகளில்) ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் பூல், அதாவது திறந்து வைத்துக்கொள்ளக்கூடிய கனெக்‌ஷன்களின் அளவு 30. நாலு முப்பது நூற்றிருபது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு, நாங்கள் போடவில்லை. பூல்கள் முழுசாக நிரம்பாததால் பல மாதம் தப்பித்தோம்.

அன்று நிரம்பின. லாக்கில் "ஃபேட்டல்: ஸாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி". கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து ஸாரி கேட்கிற மரியாதையை வேறு எங்கும் பார்த்ததில்லை.

சூப்பர்யூசராக நுழைந்து எந்தக் கனெக்‌ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பார்த்தால் பாதிக்கு மேல் "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்". டிரான்சாக்‌ஷனை (ஒன்றாக நிறைவேற வேண்டிய வேலைகளின் கட்டை) தொடங்கும் பிகின் போட்டாயிற்று, முடித்து உறுதிசெய்யும் கமிட் வரவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கின்றன. கோடைத் திறந்தேன். ஆர்டரை இன்சர்ட் செய்துவிட்டு, டிரான்சாக்‌ஷனை மூடாமலே பணம் கட்டும் வெளிச் சேவையின் ஏபிஐயைக் கூப்பிட்டிருக்கிறது. அரை நொடியில் பதில் தரும் அந்த ஏபிஐ அன்று இருபது நொடி எடுத்தது. டேட்டாபேஸும் கூடவே காத்துக்கிடந்தது. யார் எழுதியது என்று கிட் பிளேமில் தேடினால் என் பெயர்.

இப்போது "பெண்டிங்" என்று எழுதி உடனே கமிட், அப்புறம் ஏபிஐ, பதில் வந்ததும் இன்னொரு குட்டி டிரான்சாக்‌ஷன். இப்படிச் சும்மா கிடப்பவற்றை வெட்டிவிட 9.6 பதிப்பிலிருந்தே ஒரு டைம்அவுட் உண்டு. ஆனால் நாமாகப் போடும்வரை அது 0, அதாவது அணைந்தே கிடக்கும். அதற்காக இன்னும் கோபம் இருக்கிறது. பத்து நொடி வைத்தேன். போஸ்ட்கிரெஸுக்கு முன்னால், ஒரு டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் கனெக்‌ஷனை அடுத்தவருக்குக் கொடுக்கும்படி பிஜிபவுன்சரையும் டிரான்சாக்‌ஷன் மோடில் நிறுத்தினேன். அறிவிப்புக்காகக் காத்திருக்கும் லிசன் போன்றவை அந்த மோடில் ஓடாது, அவற்றுக்குத் தனிக் கனெக்‌ஷன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை மைக்ரேஷனில் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலையில்) ஏழு ஆல்டர் டேபிள் கட்டளைகள், ஆறாவது உதைத்தது. மொத்தமும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருந்ததால் ஐந்தும் தானாகத் திரும்பிவிட்டன, பழைய ஸ்கீமா அப்படியே. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஒவ்வொரு ஆல்டரும் அங்கங்கே கமிட் ஆகியிருக்கும், பாதியில் நின்ற டேபிள்களைக் கையால் சரிசெய்துகொண்டு நின்றிருப்பேன்.

சரி, நண்பருக்கு என்ன பதில்? வேண்டாம் என்றேன். ஏன் என்றார். அடுத்த மாதம் கேளுங்கள் என்றேன். நேற்று எங்கள் அடுத்த வேலைக்கு டேட்டாபேஸ் நிறுவினேன். போஸ்ட்கிரெஸ்தான், பூல் அளவு 10.