மூணாறு பனிக்கு ஏ.சி. ரப்பர் ட்யூப்: தண்ணீர்க் குழாய்க்கு மாட்டலாமா?

ஏ.சி. செம்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ட்யூபை, தண்ணீர் உறைந்து அடைக்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாய்க்கும் மாட்டலாம். மூணாறில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் ஜனவரி விடியலில் புல் வெளுத்துக் கிடக்கும் குளிருக்கு இது போதும். ட்யூப் சூடு தராது. தண்ணீரில் இருக்கிற சூடு சட்டென்று போய்விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நமக்குக் கடுங்குளிர் விடியலுக்கு முன்னால் சில மணி நேரம்தான் என்பதால் காரியம் நடக்கிறது. பகலிலும் பனிக்கட்டி இளகாத லடாக்கில் இதை மட்டும் நம்ப முடியாது.

மூணாறில் ஏ.சி. வைத்த வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே தேனிப் பக்கம் இறங்கும்போது ஏ.சி. உதிரிபாகக் கடையில் கேளுங்கள். பெரும்பாலும் 2 மீட்டர் நீளத் துண்டாக வரும். கனம் 9 மி.மீ. குறைந்தபட்சம், வடக்குப் பார்த்த சுவருக்கும் மொட்டை மாடிக்கும் 13 மி.மீ. நல்லது.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "அரை இஞ்ச்" என்று கேட்டால் கடைக்காரர் செம்புக் குழாயின் அரை இஞ்ச்சை எடுத்துக் கொடுப்பார். அது எதற்கும் பொருந்தாது. அரை இஞ்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயின் வெளிவிட்டம் 15.9 மி.மீ., அதற்கு 5/8 இஞ்ச் ட்யூப். அரை இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்கு வெளிவிட்டம் சுமார் 21.3 மி.மீ., அதற்கு 7/8 இஞ்ச். சந்தேகமிருந்தால் குழாயைச் சுற்றி நூல் கட்டி அளந்து பாருங்கள்: முதலாவது 50 மி.மீ. வரும், இரண்டாவது 67. ட்யூப் தொளதொளவென்று இருந்தால் இடையில் காற்று ஓடும், போட்டும் பயனில்லை.

ஏற்கெனவே பொருத்திய குழாய் என்றால் ட்யூபை நீளவாக்கில் கீறி மாட்டி, இரண்டு விளிம்பிலும் ரப்பர் பசை தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு அழுத்த வேண்டும். ஈரக் குழாயில் பசை பிடிக்காது. வெயில் ஏறியபின் செய்யுங்கள். குழாய் திரும்பும் எல்போவில் ட்யூபை வளைத்தால் வெளிப்பக்கம் வாய் பிளக்கும். 45 டிகிரியில் இரண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதே சரி. தண்ணீரை அடைக்கும் கேட் வால்வையும் டேப்பின் கழுத்தையும் மூடாமல் விட்டுவிட்டால் தண்ணீர் முதலில் கட்டியாவது அங்கேதான்.

இந்த ட்யூபின் பெரிய குறை வெயில். மூடாமல் விட்டால் வெடித்து உதிரும். மேலே அலுமினிய ஒட்டு நாடா சுற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கட்டியாகும்போது தண்ணீர் 9 சதவீதம் பருக்கிறது. ஆனால் குழாய் பிளப்பது பெரும்பாலும் கட்டி இருக்கிற இடத்தில் அல்ல. கட்டிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தத்தில். ஆகவே பனி கொட்டும் ராத்திரியில் ட்யூப் போட்டிருந்தாலும் கடைசி டேப்பைச் சொட்ட விடுங்கள்.

அப்படியும் அடைத்தால் டேப்பைத் திறந்து வைத்து, வெந்நீரில் நனைத்த துணியை டேப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சுற்றி வாருங்கள். பிவிசியில் கொதிநீர் ஊற்றினால் இளகி வளையும். தீ காட்டவே கூடாது. இளகும்வரை கேட் வால்வு பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும், கீறல் இருந்தால் அப்போதுதான் பீய்ச்சும்.

ஓடையிலிருந்து வரும் கறுப்பு ஹோஸுக்கு இந்த ட்யூப் வேண்டாம். அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும், சட்டென்று பிளக்காது. ஒரு அடி ஆழத்தில் மண்ணுக்குள் புதைத்தாலே போதும்.